அழுத்தாத பொத்தான்

பல் டாக்டர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்டிருந்தார் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். உண்மையில் வண்டிதான் அவரைக் கூட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த பிரேக் அக்கா, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை மெல்ல வைத்துக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக் கொடுப்பவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வயதிலிருந்து எழுபது வயது வரை எத்தனையோ பேரை அந்த ஒற்றைப் பிரேக்கை நம்பித்தான் அவள் ரோட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். பேரும் அதனால்தான் வந்தது. "கண்ணாடியைப் பாருங்க சார், காலைப் பாக்காதீங்க. கால் எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சொல்லும்போதுதான் மடியில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் படித்தாள். அடுத்த நொடி கால் தானாகவே பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. டாக்டரின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் டாஷ்போர்டில் விழுந்தது.

"தங்கள் ஜோடியைச் சேர்ந்த நோயாளி காலமானதால், தங்கள் உறுப்புதான உறுதிமொழியிலிருந்து தாங்கள் விடுவிக்கப்படுகிறீர்கள். ஒப்புதல் அளிக்கக் கீழே உள்ள பொத்தானில் பெருவிரலை வைக்கவும். எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்." கீழே பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். 'விடுவிப்பை ஏற்கிறேன்.' ஏற்கவில்லை என்று இன்னொரு பொத்தான் எங்காவது இருக்கிறதா என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். இல்லை. யாருக்கும் அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது.

"மேடம், எல்லாம் சரிதானே?" என்றார் பல் டாக்டர், கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

"சரியில்ல சார். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"நான் இன்னும் மெயின் ரோட்டுக்கே போனதில்லையே!"

"இன்னிக்குப் போவீங்க."

கதை புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பல் டாக்டர் மாதிரி இல்லாமல், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போகலாம். அக்காவின் கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். கையில் ஸ்பேனரும் வாயில் கிண்டலுமாக ஊரெல்லாம் சுற்றிய மனிதர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தார். அங்கேயும் சும்மா இருந்தாரா? "இதுவும் நம்ம தொழில்தான். தண்ணி உள்ள போகுது, அழுக்கு வெளிய வருது. ஆனா உங்க மெஷின்ல பிழியற வேலை மட்டும் ஓவரா இருக்கு" என்று நர்ஸுகளிடம் குறை சொல்வார். அக்கா தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தாள். ரத்தம் பொருந்தவில்லை. "கல்யாணத்துக்கு எல்லாப் பொருத்தமும் பாத்தாங்க, இதைப் பாக்க விட்டுட்டாங்களே" என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்றுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்த இளைஞன் கூப்பிட்டுப் பேசினான். இவர்களைப் போலவே பொருத்தம் இல்லாத வேறு இரண்டு ஜோடிகள் வேறு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். அக்கா தன்னுடையதை முதல் ஜோடியின் நோயாளிக்குக் கொடுப்பாள். அந்த நோயாளியின் வீட்டு ஆள் அடுத்த ஜோடியின் நோயாளிக்குக் கொடுப்பார். அந்த வீட்டு ஆள் மெக்கானிக்குக்குக் கொடுப்பார். வட்டம் முடிந்தது. யாருக்கும் யார் பேரும் தெரியாது. அவன் மூன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவிக் காட்டினான். மெக்கானிக் அசந்துபோய்விட்டார். "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கற மாதிரி, கிட்னி குடுத்துக் கிட்னி எடுக்கறோம்னு சொல்லுங்க. அப்ப அவங்க எல்லாரும் நமக்குச் சம்பந்தி!" அன்றிலிருந்து முகம் தெரியாத அந்த இரண்டு குடும்பமும் அவருக்குச் சம்பந்திகள்தான். மழை பெய்தால் "சம்பந்தி வீட்ல ஒழுகாம இருக்கணும்" என்பார்.

அக்காவுக்கு மட்டும் சந்தேகம். "எல்லாம் சரி தம்பி. நடுவுல ஒருத்தர் வாங்கிக்கிட்டுக் கையை விரிச்சுட்டா?" இதற்காகவே காத்திருந்தவன் போல அவன் முகம் மலர்ந்தது. முன்னால் அப்படி நடந்திருக்கிறதாம். வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்ட குடும்பம் ஒன்று. பட்டியலில் கடைசியில் இருந்தவர் ஒரே ராத்திரியில் முதலுக்கு வந்த அதிசயமும் நடந்திருக்கிறது. அதனால்தான் இப்போது பிளாக்செயின் கொண்டுவந்திருக்கிறார்கள். யார் எதை ஒப்புக்கொண்டார்கள், யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் ஆறு ஆஸ்பத்திரிகளின் கம்ப்யூட்டரிலும் பதிவாகும். ஒவ்வொரு பதிவும் முந்தைய பதிவோடு சங்கிலிக் கண்ணி மாதிரிக் கோத்திருக்கும். ஒரு இடத்தில் எவனாவது கை வைத்தால் மற்ற ஐந்தும் ஒத்துக்கொள்ளாது. எழுதியது எழுதியதுதான், அமைச்சரே வந்தாலும் அழிக்க முடியாது. "புரிஞ்சுது, எங்க வீட்டுச் சண்டை மாதிரி. ஆறு வீட்டுக்கும் கேட்டிருக்கும். அப்பறம் நடக்கவே இல்லைன்னு இவளால சொல்ல முடியாது" என்றார் மெக்கானிக். ஒருங்கிணைப்பாளனுக்குச் சங்கிலிக்காரன் என்று பேர் வைத்ததும் அவர்தான். அக்கா அதற்கப்புறமும் விடவில்லை. சம்பந்திகள் உறுதிமொழி கொடுத்துவிட்டார்களா, கொடுத்தது பதிவாகிவிட்டதா என்று துருவித் துருவிக் கேட்டாள். இரண்டு வீட்டுக்காரர்களும் பெருவிரல் வைத்துவிட்டதைத் திரையில் பார்த்த பிறகுதான் தன் விரலை வைத்தாள். மனைவி தானம் செய்வதில் ஆட்சேபணை இல்லை என்று மெக்கானிக்கும் விரல் வைத்தார்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. குறித்த நாளுக்கு முந்தைய வாரம், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். இதயம். ஆம்புலன்ஸ் வந்தது, போனது. வாயில் பற்பசை நுரையோடு ஒரு மனிதர் செத்துப்போவார் என்று யார் நினைப்பார்கள்? அக்காவுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. இத்தனை பேர் அவருக்காக வரிசையில் விரல் வைத்துவிட்டு நிற்கும்போது இப்படியா திடுதிப்பென்று எழுந்து போவது? இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று இன்றுதான் முதல் நாளாக வண்டியை எடுத்தாள். வந்து சேர்ந்தது இந்தச் செய்தி.

பல் டாக்டர் ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு பெருமை. "வந்துட்டேன் மேடம்!" "வந்துட்டீங்க. இங்கேயே இருங்க, எதையும் தொடாதீங்க" என்றுவிட்டு அக்கா படியேறினாள்.

சங்கிலிக்காரனின் அறையில் அந்த மூன்று நாற்காலிகளும் சுவரோரமாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் எழுந்து நின்று, ஆறுதல் சொல்ல வாயெடுத்தான்.

"அதெல்லாம் அன்னிக்கே வீட்டுக்கு வந்து சொல்லிட்டீங்க தம்பி. இது என்னன்னு சொல்லுங்க." போனை அவன் முன்னால் நீட்டினாள்.

"அது தானா வர்றதுங்க அக்கா. ஜோடியில நோயாளி இறந்துட்டா, கொடுக்கறவங்கள விடுவிக்கணும்னு உள்ளேயே எழுதி வெச்சிருக்கோம். உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதில்ல? நீங்க விரல் வெச்சா போதும், எல்லாம் முடிஞ்சுது."

"எல்லாம் முடிஞ்சுதுன்னா? சம்பந்திங்களுக்கு என்ன ஆகும்?"

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வட்டம் உடையும். அவர்கள் மறுபடியும் வரிசைக்குப் போவார்கள். இன்னொரு பொருத்தம் அமைய எவ்வளவு காலம் ஆகுமென்று யாராலும் சொல்ல முடியாது. அதிலும் அக்காவிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியவளுக்கு ரத்தத்தில் ஏதோ சிக்கல், லேசில் யாருடையதும் ஒத்துக்கொள்ளாது. அக்காவுடையது ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப நான் குடுக்கறேன். இந்தப் பொத்தானை எடுத்துடுங்க."

"எடுக்க முடியாதுங்க."

"அப்ப நான் அழுத்தல. அழுத்தலைன்னா என்ன ஆகும்?"

தனக்கே தெரியவில்லை என்பது சங்கிலிக்காரனுக்கு அப்போதுதான் தெரிந்தது. மென்பொருள் செய்த கம்பெனிக்குப் போன் போட்டான். அங்கே ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் இன்னொருவரிடம். கடைசியில் வந்தவர், "ஏன் அழுத்த மாட்டாங்க?" என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் செத்த பிறகு வந்த முதல் சிரிப்பு அதுதான். இவ்வளவு புத்திசாலிகள் கூடி உட்கார்ந்து, மனிதன் எத்தனை விதமாக ஏமாற்றுவான் என்று ஒன்று விடாமல் யோசித்து எல்லா ஓட்டையையும் அடைத்திருக்கிறார்கள். ஏமாற்றாமல் ஒருத்தி வந்து நின்றால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் வட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கலாம்" என்றான் சங்கிலிக்காரன் போனை வைத்துவிட்டு. "அதுக்குள்ள நீங்க அழுத்தலைன்னாலும் நாங்க கலைச்சுதான் ஆகணும். இல்லைன்னா மத்தவங்களை வேற யாரோடயும் சேர்க்க முடியாது. உங்களைத் திரும்பச் சேர்க்கணும்னா குழு ஒத்துக்கணும். குழுன்னா பெரிய டாக்டர்தான்."

"எங்க அவங்க?"

"இன்னிக்கு முடியாதுங்க அக்கா. நாளைக்கு..."

"நாளைக்கு வரேன். அந்த நாற்காலியெல்லாம் எடுத்து ஒழுங்காப் போட்டு வைங்க."

வீட்டில் விஷயம் அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மகளுடைய போனுக்கும் அந்தச் செய்தி போயிருந்தது, குடும்பத்தார் என்ற முறையில். மகள் வேறு ஊரில் வேலை பார்ப்பவள், அப்பா போனதிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். அவளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிரைவிங் ஸ்கூல்காரியின் மகள், அம்மாவிடம் வண்டி கற்றுக்கொள்ளாமல் எதிர்க்கடை டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்து கற்றுக்கொண்டவள். "அம்மா கத்துவா" என்பது காரணம். தெருவே சிரித்தது. மெக்கானிக்கும் சிரித்தார், மறைவாக. அக்கா இன்றுவரை மகள் ஓட்டிய வண்டியில் ஏறியதில்லை.

மெக்கானிக்கின் அண்ணன், மகளுக்குப் பெரியப்பா, கூடத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். தம்பிக்கு ஒன்று என்றால் ஓடி வருவார். எந்தக் காரியத்துக்கும் ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் அவரிடம் உண்டு. "ரொம்ப நல்லதாப் போச்சும்மா. அவங்களே விட்டுட்டாங்க. விரலை வெச்சுட்டு ஆக வேண்டியதைப் பாரு" என்றார்.

"நான் வைக்கப் போறதில்ல மாமா. சொன்னபடி குடுக்கப் போறேன்."

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "யாருக்கு? நம்ம ஆளே போய்ச் சேர்ந்துட்டான். முகம் தெரியாத யாருக்கோ எதுக்கும்மா உடம்பை அறுத்துக்கணும்? ஊர்ல கேட்டா என்னைத்தானே கேப்பாங்க, நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு!"

"கேட்டா என்கிட்ட அனுப்புங்க மாமா. நான் பதில் சொல்லிக்கறேன்."

"நீ பேசி ஜெயிப்ப, அது தெரிஞ்சதுதானே" என்று அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார், அவ்வளவுதான். அவர் போன பிறகு மகள் மட்டும் எதிரே இருந்தாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்கு எளிதாக இருந்திருக்கும். கத்துகிறவர்களை அடக்குவது அவளுக்குக் கைவந்த கலை.

"அம்மா, எனக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான்" என்றாள் மகள். "அது உனக்குத் தெரியுதா, தெரியலையா?"

தெரிகிறது. ஏன் தெரியாது? அவளுக்கும் மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதானே. அந்த இடத்தில் அக்காவின் நாக்கு நுனி வரை ஒரு வாக்கியம் வந்தது. நாள் குறித்த புதிதில் ஒரு தடவை, மெக்கானிக்குக்குக் கொடுக்க வேண்டிய சம்பந்திக்கு இருமல் வந்து, ஆபரேஷனைத் தள்ளிவைக்கலாம் என்று பேச்சு வந்தது. அப்போது இதே மகள் சங்கிலிக்காரனைப் போனில் கூப்பிட்டு, அவங்க சாக்கு சொல்றாங்க, கையை விரிக்கப் பாக்கறாங்க, எங்கப்பா உயிர் என்ன விளையாட்டா, இழுத்துட்டு வாங்க அவங்களை என்று கத்தினாள். நியாயமான கத்தல்தான். பயந்தவளின் கத்தல். அதை இப்போது எடுத்து இவள் முகத்தில் வீசினால் வாதத்தில் ஜெயித்துவிடலாம். ஆனால் அப்பா செத்து இன்னும் வீட்டில் அவருடைய செருப்பு எடுக்கப்படாமல் கிடக்கும்போது, பெற்ற மகளை ஜெயித்து என்ன ஆகப் போகிறது? அக்கா அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டாள்.

"தெரியுது. தெரிஞ்சுதான் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

மகள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா வாஷ்பேசினில் போய் முகம் கழுவினாள். அவருடைய பற்பசை மூடி திறந்தபடியே கிடந்தது. வாழ்நாள் முழுக்க அந்த மூடிக்காக அவருடன் சண்டை போட்டிருக்கிறாள். இன்று அதை மூடவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் அறையில் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்து, பச்சை உடுப்போடு அவர் வெளியே வரும்போது அக்கா மறித்துக்கொண்டாள். சங்கிலிக்காரன் பின்னாலேயே ஓடி வந்தான். பெரிய டாக்டர் அறுபதை நெருங்கும் அம்மாள். கடுகடுப்பு முகம், ஆனால் கேட்கும் காது. சுவரில் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

"இது துக்கத்துல எடுக்கற முடிவும்மா. துக்கத்துல இருக்கறவங்ககிட்ட நாங்க உறுப்பு வாங்கறதில்ல."

"துக்கத்துக்கு முன்னாடியே எடுத்த முடிவு டாக்டர். விரல் வெச்ச தேதி உங்ககிட்டயே இருக்கு. துக்கத்துல என்னை முடிவெடுக்கச் சொல்றது நீங்கதான். இந்தப் பொத்தானை அழுத்துன்னு."

பெரிய டாக்டரின் புருவம் ஏறியது. "அன்னிக்கு உங்க கணவருக்காகக் குடுக்க ஒத்துக்கிட்டீங்க. இன்னிக்கு அவர் இல்ல."

"அவருக்கு என்னோடது பொருந்தவே இல்லையே டாக்டர். அது முதல் நாள்லேருந்தே முன்பின் தெரியாத ஒருத்திக்குத்தான். அவ செத்துட்டாளா?"

சங்கிலிக்காரன் இருமினான். பெரிய டாக்டர் அவனைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் தன்னிடமிருந்து உறுப்பைக் காப்பாற்றிக்கொள்ளச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறார். முறைகேடாக வாங்கிக்கொள்ளச் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறார். கொடுத்தே தீருவேன் என்று தியேட்டர் வாசலில் வழிமறித்துச் சண்டை போடுகிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு வேண்டியதை நான் கேட்டு வாங்கினேன் டாக்டர்" என்றாள் அக்கா. "அவங்க ஏமாத்திடுவாங்களோ, கையை விரிச்சிடுவாங்களோன்னு இந்தத் தம்பியை உக்கார வெச்சுக் கேள்வி மேல கேள்வி கேட்டேன். அவங்க விரல் வெச்சதைக் கண்ணால பாத்த அப்பறம்தான் நான் வெச்சேன். நான் ஏமாத்துவேனான்னு அவங்க யாரும் கேக்கல. எங்க வீட்டு ஆளுக்கு வேணும்ங்கற வரைக்கும் சம்பந்தி, அவர் போயிட்டா நீ யாரோ நான் யாரோவா? எனக்கு அப்படிப் பழக்கமில்ல. என்னை யாரும் விடுவிக்க வேண்டாம்."

ஒரு ஸ்ட்ரெச்சர் அவர்களைத் தாண்டிப் போனது. "நெருங்கின குடும்பத்தார் சம்மதம் வேணும்" என்றார் பெரிய டாக்டர் கடைசியில். குரலில் பாதி கடுமை இறங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் சம்மதம் குடுத்திருக்கார்."

"அவர் இறந்துட்டாரும்மா."

அக்கா சங்கிலிக்காரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவர் வெச்ச விரலை அழிக்க முடியுமா?"

"முடியாதுங்க அக்கா" என்றான் அவன். சொல்லும்போது சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். "ஆறு ஆஸ்பத்திரியிலயும் இருக்கு. அப்படியேதான் இருக்கும்."

பெரிய டாக்டரும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தால் அது சிரிப்பு மட்டும்தானா என்று சொல்ல முடியாது. பிறகு அக்காவின் தோளில் கை வைத்தார். "நான் ஒத்துக்கறேன். உங்களுக்கு மறுபடி எல்லா டெஸ்டும் எடுப்பேன். மனநல டாக்டர் பேசுவாங்க. ஆனா உயிரோட இருக்கற ஒருத்தர் என் முன்னாடி உக்காந்து ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும். அதை மட்டும் நான் விட மாட்டேன். நாளைக்கு டேபிள்ல ஒண்ணு ஆச்சுன்னா, வந்து ஏன்னு கேக்கப் போறது உங்க பொண்ணுதான். அந்தப் பொண்ணு கண்ணைப் பாத்து நான் பேசணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கூட்டிட்டு வாங்க. அதுவும் நியாயம்தானே?"

அதுவும் நியாயம்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. அநியாயம் என்றால் சண்டை போடலாம். அக்கா வீட்டுக்கு வந்து, பெரிய டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மகளிடம் சொன்னாள். வா என்று கூப்பிடவில்லை. மகள் கேட்டுக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். போன் ஒவ்வொரு காலையும் அதிர்ந்தது, தங்கள் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம் என்று. கழுத்தறுப்பு. பெரியப்பா வந்து எட்டிப் பார்த்து, முகங்களைப் படித்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார். பல் டாக்டர் மட்டும் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார். மெயின் ரோட்டுக்கு இப்போது அவரே ஆசைப்பட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா வண்டிச் சாவியை எடுக்கப் போனால் ஆணியில் சாவி இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தாள். மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏறு" என்றாள்.

"எங்க?"

"ஏறும்மா. எல்லாத்தையும் சொன்னாதான் ஏறுவியா?"

அக்கா ஏறினாள், வழக்கமான தன் சீட்டில். மகள் சம்மதம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாளா, இல்லை அம்மாவை எங்காவது வெளியே கூட்டிப் போய் மனசை மாற்றப் பார்க்கிறாளா என்பதும் தெரியவில்லை. தெருமுனையில் நின்றுகொண்டிருந்த பல் டாக்டர் வகுப்புக்காகக் கை காட்டினார், யாரும் நிற்கவில்லை. மகள் நன்றாகத்தான் ஓட்டினாள். எதிர்க்கடைக்காரன் ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான், படுபாவி. கியர் மாற்றும்போது கொஞ்சம் முரட்டுத்தனம், அது அப்பா கை.

"அன்னிக்கு அந்தச் சம்பந்திக்கு இருமல் வந்தப்ப, நான் போன்ல கத்தினேனே" என்றாள் மகள், ரோட்டைப் பார்த்தபடியே. "ஞாபகம் இருக்கா?"

"இல்லையே" என்றாள் அக்கா.

"பொய் சொல்லாத."

அக்கா பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தாள்.

"நான் போய் அந்த டாக்டருங்களை எல்லாம் கேப்பேன்" என்றாள் மகள். "உனக்கு என்ன ஆகும், என்ன ஆகாது, எத்தனை நாள் படுத்திருக்கணும், பின்னாடி உனக்கு ஒண்ணுன்னா யார் பாப்பாங்க, எல்லாத்தையும் கேப்பேன். பதில் எனக்குப் பிடிக்கலைன்னா எழுந்து வந்துடுவேன். அப்பறம் நீ எத்தனை பேரை வழிமறிச்சாலும் ஒண்ணும் நடக்காது."

"கேளு. நல்லாக் கேளு. விட்டுடாத."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான் இருக்கு. இல்லைன்னா சொன்னேன்?"

பெரிய சந்திப்பு வந்தது. ஒரு பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, இன்னொரு பக்கம் சுற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடலாம். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. மகள் இன்னும் இண்டிகேட்டர் போடவில்லை.

"அம்மா, பிரேக்லேருந்து காலை எடு."

"நான் மிதிக்கலையே."

"மிதிக்கல. ஆனா வெச்சிருக்க. எனக்கு இங்க தெரியுது."

அக்கா கீழே பார்த்தாள். உண்மைதான். வீட்டு வாசலிலிருந்தே பாதம் அங்கேதான் இருந்திருக்கிறது, அவளுக்கே தெரியாமல். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மேலே தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த வண்டியில் அவள் அப்படி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மடியில் போன் அதிர்ந்து, பச்சைப் பொத்தான் ஒளிர்ந்தது. அவள் இரண்டு பெருவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். பக்கத்தில் இண்டிகேட்டர், டிக், டிக் என்று அடிக்க ஆரம்பித்தது.